நீ குடித்ததாக நான் எழுதினேன்

அருள்,

நேற்று எட்டு மணிப் பூசையில் உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். சாமியார் உன் பெயரையும் ரீட்டாவின் பெயரையும் படித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்கு குருவிடம் தெரிவிக்க வேண்டும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். அம்மா என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். சந்தோஷத்தில்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேலே ஒரு மின்விசிறி தலையை ஆட்டிக்கொண்டு சுற்றியது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூசை முடிந்து வெளியே வந்ததும் பத்துப் பேராவது கை கொடுத்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் சிரித்தேன். இன்னும் இரண்டு ஞாயிறு, இரண்டு ஓலை, அப்புறம் கல்யாணம். அதற்கு நடுவில், வருகிற வியாழக்கிழமை, எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வேளச்சேரிக்கு ரயிலேறினால் அரை மணி நேரத்தில் உன் வீட்டில் இருப்பேன், நேரிலேயே பேசலாம். ஆனால் நேரில் கேட்டால் நீ "சரிப்பா" என்று சொல்லிவிடுவாய். அந்த "சரிப்பா" எனக்கு வேண்டாம். சின்ன வயதிலிருந்து நீ சொன்ன எல்லா "சரிப்பா"வையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டவன் நான்.

நான் யார் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். முப்பத்திரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பியவன். மயிலாப்பூரில் நம் சந்தில் யாருக்கு ரேஷன் கார்டு, முதியோர் ஓய்வூதியம், சாதிச் சான்று என்றாலும் பேனாவோடு நம் வீட்டுக்குத்தான் வருவார்கள். பேனாகூடக் கொண்டுவர மாட்டார்கள், அதுவும் என்னுடையதுதான். அவர்கள் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள், நான் கையைக் காட்டி நிறுத்துவேன். "உங்க கதையைப் படிவம் கேக்கல. அது என்ன கேக்குதோ அதை எழுதுவோம்" என்பேன். பெருமையாகத்தான் சொல்வேன். நான் எழுதிக் கொடுத்து ஒன்று திரும்பி வந்ததில்லை. உன் கல்லூரி விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் என்ன எழுதலாம் என்று கேட்டதற்கு, "தூங்குறதுப்பா" என்றாய். நான் "நூல் வாசித்தல்" என்று எழுதினேன். நேர்முகத்தில் அந்த அம்மாள் கடைசியாக என்ன நூல் வாசித்தாய் என்று கேட்க, நீ திருதிருவென்று விழித்துவிட்டு ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் என்று சொன்னாயாம். வீட்டுக்கு வந்து நாம் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இடம் கிடைத்துவிட்டது, அதனால் சிரிக்க முடிந்தது. இன்று அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. நீ இல்லாத ஒருவனை நான் காகிதத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது தடவைக்கு வருகிறேன். அந்த வருடம் வேளச்சேரியில் வெள்ளம் வந்தபோது, காலையிலிருந்து நீ போனை எடுக்கவில்லை என்று அம்மா அழ ஆரம்பித்தாள். பாதி தூரம் பஸ், மீதி முட்டளவு தண்ணீரில் நடை. உன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. செருப்பு, சிலிண்டர், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் கூடத்தில் மிதந்துகொண்டிருக்க, நீ சமையல் மேடைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து போனில் பணம் கட்டிச் சீட்டாடிக்கொண்டிருந்தாய். அம்மாவின் அழைப்பு வருகிறது, நீ அதைத் தள்ளிவிடுகிறாய், என் கண்ணெதிரேதான். "அருள்" என்றேன். நிமிராமல், "ஒரே ஒரு கேம்ப்பா, முடிஞ்சிடுச்சுப்பா" என்றாய். அது முடிகிறவரை நானும் தண்ணீரில் நின்றேன். ஏன் பிடுங்கி எறியவில்லை என்று அம்மா இன்றும் கேட்கிறாள். தெரியவில்லை. அந்த நிமிஷத்தில்தான் எனக்குள் ஏதோ மரத்துப் போயிருக்க வேண்டும். இன்னும் முழுதாக இளகவில்லை.

அடையாறு பக்கம் இருந்த அந்த மறுவாழ்வு இல்லத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனது அதற்கு அடுத்த மாதம். வரவேற்பில் இருந்த அம்மாள் நல்லவள், பொய் சொல்லவில்லை. "சூதாட்டம்னு எழுதினீங்கன்னா சேர்த்துக்க முடியாது சார். எங்களுக்கு வர்ற மானியமே குடிக்குத்தான். அதுக்குன்னு படுக்கை இந்த ஊர்ல எங்கயும் கிடையாது" என்றாள். என் வாழ்நாள் அனுபவம் அந்த இடத்தில் வேலை செய்தது. படிவத்தை வாங்கினேன். "பழக்கம்" என்ற இடத்தில் "மது" என்று எழுதினேன். எத்தனை வருடமாக? ஆறு. நாளொன்றுக்கு எவ்வளவு? நமக்கு அந்த அளவெல்லாம் எங்கே தெரியும், பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கேட்டு எழுதினேன். நீ எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்பா, நான் குடிச்சதே இல்லப்பா" என்றாய், மெதுவாக, அந்த அம்மாளுக்குக் கேட்காமல். "சும்மா இருடா, எழுதுறேன்ல" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். ஐந்து நிமிட வேலை. வெளியே வந்து ஒரு காபி குடித்தேன், காரியம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

அங்கே உனக்கு என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தன் குடியைப் பற்றிப் பேச வேண்டும். நீயும் பேசினாய். எந்தக் கடை, எந்த நண்பன், எப்படி விழுந்தாய் என்றெல்லாம் மூன்று மாதம் நீ குடிக்காத குடிக்காக அழுதிருக்கிறாய். கதை சொல்வதில் நீ அம்மா பக்கம், நன்றாகவே சொல்லியிருப்பாய். அதைவிடப் பெரியது ஒன்று. ஒழுங்காக இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் போனைக் கையில் கொடுப்பார்கள். குடிகாரருக்குப் போன் என்ன செய்யும்? வீட்டில் பேசட்டும், மனசு ஆறட்டும் என்று பரிசாகக் கொடுப்பது. உன்னைக் குணமாக்க வந்தவர்களே வாரா வாரம் அதைத் துடைத்து உன் கையில் கொடுத்தார்கள். அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. அவர்களிடம் இருந்த காகிதத்தில் நான் எழுதியபடி அவர்கள் வைத்தியம் பார்த்தார்கள். கடைசியில் "மதுவிலிருந்து மீண்டவர்" என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அம்மா அதை பைபிளுக்குள் வைத்தாள். மூன்று வாரத்தில் நீ மறுபடி போனோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாய்.

பிறகு அம்மாவும் நீயும் ராத்திரி ரயிலேறி வெளிமாநிலத்துக்குப் போனதும், அங்கே இதற்கென்றே இருந்த வார்டில் ஆறு வாரம் தங்கியதும், மேடவாக்கத்து மனையை அதற்காக விற்றதும் உனக்குத் தெரிந்த கதை. அங்கே முதல் நாளே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்மாவை உட்காரவைத்து ஒரு வாரம் பாடம் எடுத்தார்கள். நீ ஒரு தடவைகூடப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று திரும்பி வந்ததும் சொன்னாய். அதைச் சொல்லும்போது நீ என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாய். நான் புரிந்துகொண்டேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. நீ அடையாற்று இல்லத்தில் இருந்த அந்த மூன்று மாதமும் ஞாயிறுதோறும் நாங்கள் பார்க்க வருவோமே, வாசலில் மற்றக் குடும்பங்களும், ஆளைச் சேர்க்க இடம் கேட்டு வந்தவர்களும் காத்திருப்பார்கள். பேச்சுவாக்கில் நான் அலுவலகத்தில் இருந்தவன் என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராக வந்தார்கள். "என் மருமகனும் இதே போன் ஆட்டம்தான் சார், சேர்த்துக்க மாட்டேங்குறாங்க." நான்கு பேருக்கு எழுதிக் கொடுத்தேன். நான்கிலும் "மது". யாருக்கு எத்தனை வருடம் என்றுகூட யோசிக்கவில்லை, உனக்கு எழுதிய ஆறையே எல்லோருக்கும் எழுதினேன். நல்ல காரியம் செய்கிறேன் என்ற நினைப்புதான். அதில் ஒருவன் குமார், ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் மனைவி செல்வி தி. நகரில் ஒரு துணிக்கடையில் தரை துடைக்கிறாள். ஆற்றோரம் இருந்தவர்கள், இப்போது ஊருக்கு வெளியே கட்டிக் கொடுத்த அடுக்குமாடியில் இருக்கிறார்கள், வேலைக்கு வர இரண்டு பஸ். குமாரும் உன்னைப் போலவே மூன்று மாதம் இருந்து, சான்றிதழ் வாங்கி வெளியே வந்தான். அவர்களுக்கு விற்க மனை இல்லை.

நீ திரும்பி வந்து நன்றாகி, ஒரு வருடம் போன பிறகு, நம் ஊரிலேயே அப்படி ஒரு வார்டு வேண்டும் என்று நான் ஒரு மனு எழுதினேன். இருபது படுக்கை, இரண்டு ஆலோசகர், குடும்பம் தங்க ஒரு அறை. நல்ல மனு, என் கைராசி தெரியும் உனக்கு. ஒரு எம்.எல்.ஏ. அதை வாங்கிப் படித்தார். எந்தக் கட்சி என்று எழுதவில்லை, நீ அதை வைத்துத்தான் மீதியைப் படிப்பாய். உண்மையிலேயே முயற்சி செய்தார். எல்லாக் கட்சிக்காரர்களும் ஆதரவு என்றார்கள். ஆதரவுக்கு எந்தக் காலத்திலும் குறை கிடையாது. பணம் ஒதுக்குவது என்று வரும்போது மட்டும் கேள்வி வரும். சட்டம் போட்டு ஆட்டத்தையே நிறுத்தியாகிவிட்டதே, இனி நோயாளி எங்கிருந்து வருவான் என்று ஒருவர். பட்டா கேட்டு வருகிறான், பாலம் கேட்டு வருகிறான், சூதாடிக்குப் படுக்கை கேட்டு என் வாசலுக்கு யார் வந்தான் என்று இன்னொருவர். கடைசியில் துறையிலிருந்து எழுத்துமூலமாகப் பதில் வந்தது. மானியம் பெறும் இல்லங்களின் சேர்க்கைப் பதிவுகளைப் பரிசீலித்ததில், சூதாட்டப் பழக்கத்துக்காக எவரும் சேர்க்கப்பட்டதாகத் தெரியவரவில்லை, எனவே தனிப் பிரிவுக்கான அவசியம் எழவில்லை.

அந்தத் தாளை எம்.எல்.ஏ. அலுவலகத்தில் நின்றுகொண்டே படித்தேன். நறுக்கென்று எழுதப்பட்ட பதில். குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் இதையேதான் எழுதியிருப்பேன். பதிவு இல்லை, ஏனென்றால் அதை இல்லாமல் செய்தவர்களில் நான் ஒருவன். ஊர் முழுக்க என்னைப் போல் எத்தனை அப்பா, எத்தனை மாமனார் "மது" என்று எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும், அழுதிருக்கவாவது வேண்டும். ஒன்றும் வரவில்லை. மாட வீதியில் நடந்து, அம்மா சொல்லி அனுப்பிய வாழைக்காயை மறக்காமல் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து செல்வி வந்தாள். குமார் ஆட்டோவைத் தெப்பக்குளம் பக்கத்தில் பூட்டி நிறுத்தி, சாவியை டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. அதற்கு அப்போதே ஒரு வாரம் ஆகியிருந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போயிருக்கிறாள். அவன் எங்கெல்லாம் சிகிச்சை எடுத்தான் என்று கேட்டதற்குப் பையிலிருந்த சான்றிதழை எடுத்துக் காட்டியிருக்கிறாள், அது உதவும் என்று நினைத்து. "படிச்சுட்டு இன்னா சொன்னான் தெரியுமா சார்? குடிகாரன் தானேம்மா, தெளிஞ்சா வந்துருவான், போய்க்கினே இருன்றான். எம்புருஷன் ஒரு சொட்டு தொட்டதில்ல சார். பீடி கூடக் கெடையாது. நீங்கதான சார் எழுதுனீங்க? இப்ப நீங்களே வந்து சொல்லுங்க சார், அவரு குடிகாரன் இல்லன்னு." போனேன், சொன்னேன். அவர்கள் என்னையும் பார்த்தார்கள், காகிதத்தையும் பார்த்தார்கள். காகிதத்தைத்தான் நம்பினார்கள். ஏழு மாதம் ஆகிறது. குமாரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

எம்.எல்.ஏ. விடவில்லை. சட்டமன்றக் குழு ஒன்று வியாழக்கிழமை இந்தப் பக்கம் வருகிறது, நேரில் ஆட்களையே கேட்கட்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார். அடுத்த வருடத்துக்கான ஒதுக்கீட்டுக்குள் இதைக் கொண்டுவர வேண்டுமானால் இதுதான் கடைசி வாய்ப்பு. தவறாகப் பதிவானவர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டும், கையெழுத்தோடு. பத்திரிகைக்காரர்களும் இருப்பார்கள். நான் நான்கு வீட்டுக்கும் போய்க் கேட்டேன். நால்வர் வீட்டிலும் ஒப்புக்கொண்டார்கள். செல்வியைக் கேட்டபோது, "எம்பேரு, அவரு பேரு, வூட்டு நம்பரு எல்லாம் போட்டுக்கோ சார். இனிமே எனக்குப் போறதுக்கு இன்னா கீது" என்றாள். பிறகு, "உங்க புள்ள பேரும் போடுவீங்க தானே?" என்றாள். குத்திக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன்.

எம்.எல்.ஏ.வின் உதவியாளர் விவரமான ஆள். "சார், வீட்ல கல்யாணம் வெச்சிருக்கீங்க. உங்க பையன் பேர் எதுக்கு? நாலு பேர் போதும். அவங்களுக்கு இதனால ஒண்ணும் ஆகப் போறதில்ல" என்றார். நல்ல மனதோடு சொன்ன யோசனைதான். அம்மாவும், "கல்யாணம் முடியட்டும்ங்க, அப்புறம் ஊருக்கே சொல்லுங்க. அவர் காதுக்குப் போச்சுன்னா அடுத்த ஓலையே வாசிக்க மாட்டாங்க" என்கிறாள். அவர் என்றால் ரீட்டாவின் அப்பா. ரீட்டாவிடம் நீ பெசன்ட் நகர் கடற்கரையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய், அவள் சுண்டல் வாங்கி வரச் சொன்னாள் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப் போனது அன்றைக்குத்தான். ஆனால் அவள் அப்பாவுக்குத் தெரியாது. பேப்பரில் பார்த்தால் அவர் என்ன செய்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கும் ஒரு மகள் இருந்து, இப்படி ஒன்றைப் பேப்பரில் படித்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். நல்ல பதில் வரவில்லை.

அப்பாக்கள் இந்த மாதிரிக் கடிதத்தில் புத்தி சொல்வார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். உனக்குப் பிள்ளை பிறந்தால், அது தன்னைப் பற்றி என்ன சொல்கிறதோ அதையே எழுது. தூங்குவது பிடிக்கும் என்றால் தூங்குவது என்றே எழுது. இடம் கிடைக்காவிட்டால் போகட்டும். நான் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து உன் வாயை மூடினேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கண்ணீரோடு கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அது வரவில்லை, அதனால் மனதில்லாமல் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. மரத்துப்போன கையாலும் எழுத முடிகிறது.

இதோடு அந்தப் பட்டியலை வைத்திருக்கிறேன். முதல் நான்கு வரிசையை நிரப்பிவிட்டேன், அவர்கள் என்னென்ன சொன்னார்களோ அப்படியே. குமாரின் பெயருக்கு எதிரே "காணவில்லை" என்று எழுதியிருக்கிறேன். ஐந்தாவது வரிசை காலியாக இருக்கிறது. நீ எழுதினால் எழுதி வியாழக்கிழமை காலைக்குள் கொடுத்தனுப்பு. எழுதாவிட்டால் வெறுமையாகவே கொடுத்தனுப்பு, நான் நான்கு பேரோடு போய் வருவேன், கல்யாணத்தில் முன்வரிசையில் நின்று சிரிப்பேன், உன்மேல் ஒரு சொல் மிச்சம் வைக்க மாட்டேன். ரீட்டாவோடு பேசிவிட்டு முடிவெடு. என்னோடு பேசாதே.

அடியில் "நிரப்பியவர்" என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே என் பெயரையும், முன்பு "மது" என்று எழுதியவன் நான்தான் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்தில் "பாதிக்கப்பட்டவருக்கு என்ன உறவு" என்று கேட்டிருந்தார்கள். படிவம் கேட்கிறதே என்று, பழக்கதோஷத்தில், "தந்தை" என்று எழுதிவிட்டேன். யாருக்குத் தந்தை என்று அந்தத் தாளில் இப்போது எங்கேயும் இல்லை.

அப்பா